வராத நாள்

அந்த அம்மாவின் பெயர் என்னிடம் உள்ள வாடகைப் பத்திரத்தில் இருக்கிறது. கையெழுத்தும் இருக்கிறது, என்னுடையதைவிட நல்ல கையெழுத்து. ஆனாலும் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் எழுதக்கூடாது என்று சொன்னதில்லை, எழுதுகிற யோக்கியதை எனக்கில்லை. ஊரில் எல்லோரும் பெரிம்மா என்றுதான் கூப்பிட்டோம். இடுப்பில் இருக்கிற பிள்ளைக்கும் பெரிம்மா, அதைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்க்கும் பெரிம்மா. அவரைவிடப் பத்து வயது மூத்த நானும் அப்படியே கூப்பிட்டேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே எழுதப்போவது விளங்காது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பதினோரு வயதில் மணல் சலிக்கப் போனேன். இன்றைக்குப் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் நான் கட்டிய வீடு இல்லாத தெரு ஒன்றைக் காட்டுங்கள், பார்ப்போம். படித்த இன்ஜினியர் போட்ட பிளானைப் பார்த்து, இந்தப் படிக்கட்டில் ஏறினால் தலை இடிக்கும் என்று அங்கேயே சொல்வேன். கட்டி முடித்து, இடித்துக்கொண்ட பிறகு வந்து கும்பிடுவான். மூன்று மாடி வீடு, கார், ஒரு குடோன் நிறைய சென்ட்ரிங் சாமான், வாடகைக்கு வரிசையாக ஐந்து வீடு. அப்பன் வைத்துவிட்டுப் போனது இதில் ஒரு செங்கல் கிடையாது. அந்த ஐந்தில் முதல் வீட்டில்தான் பெரிம்மா இருந்தார்.

ஆடி மாசம் ஒரு நாள் வந்தார். டிரங்குப் பெட்டி ஒன்று, பாய்க்கட்டு ஒன்று. புருஷன் இல்லை. ஒரே மகளைப் பண்ருட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

"ஒத்த ஆளுக்கு எதுக்கும்மா ரெண்டு ரூம்பு?" என்று கேட்டேன்.

"ஒத்த ஆளு இல்ல மேஸ்திரி. ஏழு புள்ளைங்க வரும்."

என்னை யாரும் மேஸ்திரி என்று கூப்பிட்டு இருபது வருஷம் ஆகியிருந்தது. கான்ட்ராக்டர் என்பார்கள், சார் என்பார்கள், தேர்தல் வந்தால் அண்ணே என்று காலில்கூட விழுவார்கள். இந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. சிமென்ட் தின்ற நகங்களைப் பார்த்தார், மேஸ்திரி என்றார். கடைசிவரைக்கும் அதுதான்.

வீட்டுக்குள் போனவர் சுவர், தரை, குழாய் எதையும் பார்க்கவில்லை. நேரே ஜன்னலுக்குப் போய் இரண்டு கம்பிக்கு நடுவில் கையை மடக்கி விட்டுப் பார்த்தார்.

"தல பூந்துடும். நடுவுல இன்னோர் கம்பி வையி."

"நாப்பது வருஷமா இதே கேப்புல தாம்மா ஜன்னல் போடறன். ஒருத்தன் தலையும் மாட்னது இல்ல."

"நீ பெரியவங்களுக்குப் போட்ட ஜன்னலு மேஸ்திரி அது."

கோபம்தான் வந்தது. ஆனால் மறுநாளே வெல்டரை அனுப்பி என் செலவில் கம்பி வைத்துக் கொடுத்தேன். நான் அப்படிப்பட்ட ஆள்.

கடலூர் ரோட்டுக் கம்பெனிகளுக்கு எங்கள் பக்கத்துப் பெண்கள் கூட்டமாகப் போக ஆரம்பித்திருந்த காலம் அது. மாத்திரைக் கம்பெனி, சோப்புக் கம்பெனி, பிளாஸ்டிக் கம்பெனி. காலை ஏழு மணிக்கு வேன் வந்து ஆரன் அடிக்கும். நடவுக்குப் போன காலத்தில் வரப்பு மரத்தில் ஏணை கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கலாம். கம்பெனி கேட்டுக்குள் பிள்ளையோடு விடுவானா? ஆறே முக்காலுக்குத் தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து பெரிம்மா வீட்டில் இறக்கிவிட்டு வேனுக்கு ஓடுவார்கள். சாயந்திரம் ஐந்தரைக்கு வந்து தூக்கிக்கொள்வார்கள். என் மருமகள் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கிறவள். என் மனைவிக்கு முழங்கால் சரியில்லை. அதனால் என் பேரனும் அங்கேதான்.

மாசம் ஆயிரத்தைந்நூறு ரூபாய். மத்தியானம் சோறு, சாயந்திரம் பிஸ்கெட் உண்டு. பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற முதல் நாளே வாசலில் நிறுத்திச் சொல்லிவிடுவார்.

"வந்தாலும் ஆயிரத்தைந்நூறு, வரலன்னாலும் ஆயிரத்தைந்நூறு. அம்மா வூட்டுக்குப் போனாலும் அதான், அம்மை போட்டாலும் அதான். ஒரு நாளும் கழிக்க மாட்டன். இஷ்டம்னா வுடு, இல்லன்னா தூக்கிகினு போ."

அந்த ஒரு விஷயத்தில் ஈவு இரக்கமே கிடையாது. பிள்ளைக்கு மூத்திரத் துணி மாற்றுவார், சளி சிந்துவார், ஊட்டுவார், பாடுவார், எதற்கும் தனிக் காசு கேட்டதில்லை. ஆனால் ஏழாம் தேதி சம்பளம் வந்தால் முழுசாக வைக்கவேண்டும். ஒரு பெண், "பத்து நாளு வரவே இல்லியே பெரிம்மா, நூறு ரூபாயாவது கொறச்சுக்கயேன்" என்று சிரித்துக் கேட்டபோது, இவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பதிலாக அவர் ஒரு வேலை செய்வார். அதை நாங்கள் யாரும் வேலை என்றே நினைக்கவில்லை.

காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகளை எண்ணுவார். ஒன்று குறைந்தால் கதவைப் பூட்டுவார். ஒரு பழைய நூல் புடவை வைத்திருந்தார், அதில் முழத்துக்கு ஒன்றாக ஏழு முடிச்சு. ஆளுக்கு ஒரு முடிச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நடக்கத் தெரியாதது இடுப்பில். முந்தானைப் பக்கத்தைக் கையில் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் போவார், பிள்ளைகள் பின்னால் வரும். வராத பிள்ளையின் வீட்டுக்கு இந்த ஊர்வலம் போகும். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள், "டேய், ரயிலு வண்டி வருதுடா, கேட்டப் போடு" என்று கூச்சல் போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன்.

வாசலில் நின்று ஒரே கேள்விதான் கேட்பார். "புள்ள எங்க?"

கண்ணால் பார்க்கவேண்டும். தூங்குகிறது என்றால் தூங்குகிற பிள்ளையைப் பார்க்கவேண்டும். காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைக்கவேண்டும். பார்த்துவிட்டால் வேறு பேச்சு கிடையாது, வண்டி திரும்பிவிடும்.

ஒருமுறை என் வீட்டு கேட்டுக்கே வந்து நின்றார். அன்றைக்குப் பேரனை என் மனைவி கடலூருக்குத் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தாள்.

"இன்னா பெரிம்மா, ஊர்வலம் எங்க வூட்டுக்கா? மாலை கீலை போடணுமா?" என்றேன். கூட இருந்த ஆட்கள் சிரித்தார்கள்.

"புள்ள எங்க?"

"கடலூரு போயிருக்கான்."

"யாரோட?"

"எவனோடயோ போவானா? அவன் ஆயாவோட."

"போன் போட்டுக் குடு. பேசிட்டுப் போறன்."

நான், இந்த ஊரில் எவனுக்கும் பதில் சொல்லாதவன், போன் போட்டுக் கொடுத்தேன். அவர் பேரனோடு பேசி, சாப்பிட்டானா என்று கேட்டு, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆட்கள் மறுபடி சிரித்தார்கள், இந்தத் தடவை என்னைப் பார்த்து. அது எனக்குள் தங்கிவிட்டது.

பெயின்டர் ஒருவன் இருந்தான், என்னிடம் வேலை செய்தவன்தான். மழை பிடித்து வேலை இல்லாத ஒரு நாள், பிள்ளையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு, அவள் வேன் ஏறியதும் குடிக்க உட்கார்ந்துவிட்டான். ஒன்பது மணிக்கு வண்டி அவன் வாசலுக்குப் போனது. அவன் மட்டையாகக் கிடந்தான். பிள்ளை கட்டிலுக்கடியில் உட்கார்ந்திருந்தது. பெரிம்மா தூக்கி வாயை மோந்து பார்த்தார். பெயின்டில் கலக்கிற தின்னர் வாசனை. ஆட்டோவை நிறுத்தி, கூட வந்த மற்ற ஆறையும் அதே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பாகூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். பிள்ளை பிழைத்தது. போதை தெளிந்தவன் மறுநாள் வந்து வாசலில் குதித்தான்.

"என்ன எழுப்பாம என் புள்ளயத் தூக்கினு போவ நீ யாரு?"

"நேத்திக்கும் சேத்துதான் காசு வாங்கியிருக்கன். காசு வாங்கின நாளு என் நாளு. என் நாளுல அது என் புள்ள. எந்த வூட்ல இருந்தாலும்."

இதை நான் என் காதால் கேட்டேன். கேட்டும் விளங்கவில்லை. ஊருக்கும் விளங்கவில்லை. பிள்ளை பிழைத்ததை ஒரு வாரம் பேசினார்கள். ஆயிரத்தைந்நூறு ரூபாயை மாசா மாசம் பேசினார்கள்.

அந்த வருஷம் மே மாசம் என் பேரன் பதினெட்டு நாள் அவன் தாய்வீட்டில் இருந்தான். ஏழாம் தேதி பெரிம்மா முழுப் பணம் கேட்டார். மருமகள் கொடுக்கத்தான் பர்ஸைத் திறந்தாள். நான்தான் நிறுத்தினேன். பணம் எனக்கு ஒரு பொருட்டா? அந்தக் கடலூர் போனுக்கு என் ஆட்கள் சிரித்தது உள்ளே கிடந்தது, அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பிள்ளை விடுகிற தாய்மார்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டேன். பெரிம்மாவையும் கூப்பிட்டேன். எல்லோருக்கும் டீ.

"இத பாரும்மா," என்றேன். "எங்கிட்ட நாப்பது ஆளு வேலை செய்யறான். வந்தா கூலி, வரலன்னா இல்ல. காய்ச்சலா, கல்யாணமா, எனக்குத் தெரியாது. செய்யாத வேலைக்கி நான் ஒரு ரூபா குடுத்தது இல்ல, வாங்கினதும் இல்ல. ஊருக்கெல்லாம் ஒரு நாயம், உனக்கு மட்டும் இன்னா தனிச் சட்டமா?"

"ஆளு வரலன்னா செவுரு எங்கியும் ஓடாது மேஸ்திரி. அங்கியே நிக்கும். புள்ள நிக்குமா?"

பெண்கள் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"பேச்ச மாத்தாத. வராத புள்ளைக்கி நீ சோறு ஊட்றியா? கழுவி வுடறியா? அப்புறம் எதுக்குக் காசு?"

அவர் என்னிடம் பேசுவதை விட்டுவிட்டுப் பெண்களைப் பார்த்தார்.

"வந்த நாளு என்னுது. சரி. வராத நாளு யாருது?"

இன்னொரு தடவை கேட்டார். நான் சொன்னேன், "பெத்தவங்களுது. வேற யாருது?"

"எல்லாருக்கும் சம்மதமா?"

முதலில் வாயைத் திறந்தவள் கலா. வாய்க்கால் ஓரத்து வீட்டில் இருந்தவள், சோப்புக் கம்பெனிக்குப் போகிறவள், புருஷன் லாரியில் லோடு ஏற்றுகிறவன். இரண்டு பெண். பெரியவள் துர்கா நாலாம் வகுப்பு, சின்னவளுக்கு மூன்றரை வயது. பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கோச்சுக்காத பெரிம்மா," என்றாள் கலா. "பெரியவளுக்கு லீவுன்னா சின்னவள அவளே பாத்துக்குவா. மாசத்துல அஞ்சு நாளு மிச்சமானா பால் காசுக்கு ஆவும்ல."

தப்பான பேச்சு இல்லை. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே சோப்பு அடுக்குகிறவளுக்கு முந்நூறு ரூபாய் முந்நூறு ரூபாய்தான்.

"சரி," என்றார் பெரிம்மா. "வந்த நாளுக்கு அறுவது ரூவா. வராத நாளு உங்களுது." டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைத்தேன். பஞ்சாயத்து என்றால் இப்படிப் பண்ணவேண்டும் என்று ஒரு மாசம் சொல்லித் திரிந்தேன்.

பிறகு பிள்ளைகள் குறைந்தன. புருஷனுக்கு வேலையில்லாத நாள், மாமியார் வந்த நாள், சனிக்கிழமை, பெரிய பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாள், எல்லாம் வராத நாளாகிவிட்டது. சில நாள் ஏழில் மூன்றுதான் இருக்கும். பெரிம்மா பால் வாங்குவதை நிறுத்திவிட்டார். வாடகையை மட்டும் ஒரு நாள் தள்ளியதில்லை. நானும் கேட்காமல் இருந்ததில்லை.

பழக்கதோஷத்தில் ஒன்பது மணி வண்டி கொஞ்ச நாள் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் நிறுத்தினது ஒரு சனிக்கிழமை. கலாவுக்குச் சாயந்திர ஷிப்ட், அதனால் வீட்டில் இருந்தாள். அந்தத் தெருவில் ஒரு காம்பவுண்டு சுவர் வேலை எனக்கு ஓடிக்கொண்டிருந்ததால் நானும் அங்கே சுவர் மேல் நின்றிருந்தேன். பெரிம்மா மூன்று பிள்ளைகளோடு வந்து, "புள்ள எங்க?" என்றார்.

கலா முறத்தோடு வெளியே வந்தாள். "தோ, உள்ள ஆடினு கீது. இன்னிக்கி நான் காசு குடுக்கலியே பெரிம்மா, இன்னாத்துக்கு வந்து நிக்கற? அப்புறம் வந்து பாத்தேன்னு நாள்ல சேத்துடுவியா?"

கோபமாகச் சொல்லவில்லை, விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குப் பிரமாதமாக இருந்தது. "நல்லா கேட்ட போ!" என்று சுவர் மேலிருந்து சிரித்தேன். வேலையாட்களும் சிரித்தார்கள்.

பெரிம்மா என்னைப் பார்த்தார், கலாவைப் பார்த்தார். பிள்ளைகளிடம், "திரும்புங்கடா செல்லம்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் புடவையை நான் தெருவில் பார்க்கவில்லை.

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்கே போனில் வந்துவிட்டது, பள்ளிக்கூடம் லீவு என்று. கம்பெனிக்கு லீவு இல்லை. வேன் வந்து ஆரன் அடித்தது, பெண்கள் தலையில் பிளாஸ்டிக் கவர் போட்டுக்கொண்டு ஏறினார்கள். பெரியவர்கள் வீட்டில் இருப்பதால் சின்னவர்களை யாரும் கொண்டுவந்து விடவில்லை. என் பேரனும் போகவில்லை, மழையில் எதற்கு என்று மனைவி வைத்துக்கொண்டாள். பெரிம்மா வீட்டில் அன்றைக்கு இரண்டே பிள்ளைகள்.

ஒன்பதரை இருக்கும். மழை கொஞ்சம் விட்டிருந்தது. வரிசை வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கக் குடையோடு போனேன். பெரிம்மா வாசற்படியில் நின்றிருந்தார். வாய்க்கால் பக்கம் திரும்புகிற முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பெரிம்மா, இன்னிக்கி கலெக்‌ஷன் கம்மியா?" என்றேன்.

"வாய்க்கால்ல தண்ணி எவ்ளோ வருது மேஸ்திரி?"

"கரையத் தொட்டுகினு வருதும்மா. வரட்டும். ஏரி ரொம்பினாத்தான நமக்குச் சோறு."

அவர் ஒரு காலைப் படியிலிருந்து கீழே இறக்கினார். தெருத் தண்ணீரில் கால் நனைந்தது. அப்படியே நின்று என்னைப் பார்த்தார். நான் சிரித்த முகமாகத்தான் இருந்தேன், நல்லா கேட்ட போ என்று சுவர் மேலிருந்து சிரித்த அதே முகம். அவர் காலை எடுத்துப் படியில் வைத்துக்கொண்டார்.

எத்தனையோ வீட்டுக்கு மூலை மட்டம் பார்த்த கண் இது. அந்தக் கால் இறங்கினதையும் ஏறினதையும் இந்தக் கண்தான் பார்த்தது.

நான் மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு இறங்குவதற்குள் வாய்க்கால் பக்கம் சத்தம் கேட்டது.

துர்கா சோறு வடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை, கொதிக்கிற குண்டானை இரண்டு கையிலும் துணி போட்டுப் பிடித்துச் சாய்த்திருக்கிறாள். கதவு திறந்து கிடந்திருக்கிறது. பாப்பா தண்ணீர் பார்க்க வெளியே போவது தெரிந்திருக்கிறது, கூப்பிட்டிருக்கிறாள். குண்டானைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடியபோது ஆள் இல்லை. ரோட்டுக்கடியில் வாய்க்கால் நுழைகிற இடத்தில் இரண்டு பேர் இறங்கி எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கே நடக்கவேண்டியதெல்லாம் முடிந்து, மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வண்டி என்னுடையது. ஷாமியானா, நாற்காலி, ஐஸ்பெட்டி எல்லாம் நான்தான் சொல்லிவிட்டேன். யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கவில்லை.

கலாவைக் கம்பெனி வேனில் கூட்டிவந்தார்கள். பாப்பாவைப் பார்த்தாள். அழவில்லை. வீட்டுக்குள் நேரே போய், மூலையில் உட்கார்ந்திருந்த துர்காவின் முடியைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள்.

"சோறாடி முக்கியம்? சோறாடி? அத்தக் கீழ போட்டுட்டு ஓட வேண்டியதுதானடி? உன்ன நம்பித்தானடி வுட்டுட்டுப் போனன்!"

அடி என்றால் அப்படி ஒரு அடி. பிள்ளை கையால் தடுக்கவில்லை. தடுக்கலாம் என்றே அதற்குத் தோன்றவில்லை. சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் பிடிப்பதாகப் பேர் பண்ணினார்கள். கலாவின் மாமியார், "புள்ளயத் தொலச்சு வுட்டுட்டாளே, இவ இருக்கறதுக்கு அது இருந்திருக்கக் கூடாதா?" என்று அந்தப் பிள்ளை காதுபடவே கத்தினாள். அப்புறம் ஒவ்வொருத்தராக ஆரம்பித்தார்கள். கதவை ஏண்டி தெறந்து வச்ச? கண்ணு எங்கடி போச்சு? அத்தனை பேரும் ஒரு ஒன்பது வயதுப் பெண்ணைப் பார்த்து.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெரிம்மா வந்தார். கலாவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவள வுடு கலா. அவ மேல தப்பு இல்ல."

"நீ போ பெரிம்மா!"

"நான்தான் அவகிட்ட சொன்னன். காலையில இந்தப் பக்கம் பால் வாங்க வந்தப்ப, ஒம்பது மணிக்கு வந்து பாப்பாவ இட்டுகினு போறன், கதவத் தெறந்து வையின்னு நான்தான் சொன்னன். எனக்காகத்தான் தெறந்து வச்சிருக்கா. நான் படுத்துத் தூங்கிட்டன். மறந்துட்டன்."

பால் வாங்குவதை அவர் எப்போதோ நிறுத்திவிட்டார் என்று எனக்குத் தெரியும். ஒன்பதரைக்கு அவர் எங்கே நின்றார், எத்தனை விழிப்பாக நின்றார் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் கணக்கில் தப்பு சொல்லாத அந்த வாய் நடுக்கூட்டத்தில் நின்று பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

கலாவின் பிடி தளர்ந்தது. துர்காவின் முடி அவள் விரலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. அந்தப் பெண் தலையை நிமிர்த்திப் பெரிம்மாவைப் பார்த்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியாதா? வாயைத் திறக்கப் போனாள். பெரிம்மா அவள் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

கலா அதற்கப்புறம் பெரிம்மாவை அடித்தாள். கன்னத்தில், தோளில், முதுகில். "தூங்கினியா? தூங்கினியா நீ? என் புள்ள போயி... தூங்கினியா?" பெரிம்மா அந்தப் பெண்ணை விடாமல் நின்று வாங்கிக்கொண்டார். அடித்து அடித்துத்தான் கலாவுக்கு அழுகையே வந்தது.

நான் சுவரோரம் நின்றிருந்தேன். எந்தக் கூட்டத்திலும் முதல் ஆளாகப் பேசுகிறவன். கலா, அந்த அம்மாவை வராதே என்று சொன்னது நீ, சிரித்தது நான், அந்த நாள் யாருடையது என்று தீர்த்துவைத்ததும் நான் என்று இரண்டு வரி சொல்லியிருக்கலாம். குடையை மடக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே மற்ற பிள்ளைகளையும் நிறுத்திவிட்டார்கள். கம்பெனி வேனிலிருந்தே அவர் வாசலைப் பார்த்துத் துப்பினார்கள். யாரோ ஜன்னலுக்குக் கல் விட்டான். போலீஸில் ஒரு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். அங்கேயும் அதையேதான் சொல்லியிருக்கிறார், தூங்கிவிட்டேன் என்று. எட்டாம் நாள் பெட்டியையும் பாயையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சாவியைக் கொடுக்க வந்தார்.

"எங்க போற பெரிம்மா?" என்றேன்.

"பொண்ணு வூட்டுக்கு."

ஏதாவது சொல்லுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்சம் போய்த் திரும்பி, "துர்காவ அடிக்க வுடாத மேஸ்திரி" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

பாப்பாவின் பதினாறாம் நாள் முடிந்த மறுநாள், டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கலாவின் புருஷன் வந்தான். தாடி வளர்ந்திருந்தது. என் எதிரில் உட்காராமல் நின்றான். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"கான்ட்ராக்டரே, ஒண்ணு கேக்கணும். துர்கா ராத்திரியெல்லாம் தூக்கத்துல உளறுது. பெரிம்மா வரன்னு சொல்லவே இல்ல, பெரிம்மா பொய் சொல்றாங்கன்னு உளறுது. நீங்க அன்னிக்கி அந்தப் பக்கந்தான் இருந்தீங்களாம். அந்தம்மா சொன்னது நெசமா?"

இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி, பின்னே ஏன் அந்த அம்மா தினம் வருவதை நிறுத்தினார் என்பது. அதற்கடுத்து, நிறுத்தியது யார் என்பது. ஏழெட்டுப் பேரும் என் போர்ட்டிகோவில் போட்ட நாற்காலிகளை நினைத்துப் பார்ப்பார்கள். அந்தப் பெண்ணைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று இங்கே எழுதினால் படிப்பவர்கள் என்னை நல்லவன் என்பார்கள். அந்த நேரத்தில் துர்காவின் ஞாபகமே எனக்கு வரவில்லை.

"நெசந்தாம்பா," என்றேன். "ஒம்பது மணிக்கு வரன்னு அந்தம்மா சொன்னத என் காதால கேட்டன். வயசாயிடுச்சுல்ல, தூங்கிட்டா."

அவன் தலையை ஆட்டினான். கடைக்காரர் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார். அவனுக்கும் ஒன்று போடச் சொன்னேன், காசு என்னுடையது என்று.